குழந்தைக்குச் செயற்கைக் கண்: ரெடிமேடும் போட்டோம், அளவெடுத்தும் செய்தோம்

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. இடது கண் செயற்கைக் கண். கடையில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரெடிமேட் கண்ணும் போட்டுப் பார்த்தாயிற்று, அவள் கண்குழிக்கே அளவெடுத்துச் செய்த கண்ணும் போட்டாயிற்று. வாங்குவதற்கு முன்னால் நான் தேடியபோது விற்பவர்கள் எழுதியதுதான் கண்ணில் பட்டது. வாங்கிப் போட்ட குழந்தையின் அம்மா ஒருத்தி எழுதியது ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்கு என்றால் அளவெடுத்துச் செய்ததையே வாங்குங்கள். ரெடிமேட் வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கடை என்று பெயர் போடவில்லை. நான் சொல்ல வந்தது பொருளைப் பற்றி.

அவளுக்கு வந்தது ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்தான் வரும். 15,000 முதல் 20,000 குழந்தைகள் பிறந்தால் ஒருவருக்கு என்கிற கணக்கு. கேட்டால் அரிது என்று தோன்றும். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 பேருக்கு வருகிறது. கருவிழிக்கு நடுவே வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரியும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழும். சில குழந்தைகளுக்கு மாறுகண் மாதிரி முதலில் தெரியும்.

எங்கள் தெருவில் எல்லாரும் "கண்ணுல பூ விழுந்திருக்கு" என்றார்கள். நந்தியாவட்டைப் பூவை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை விடச் சொன்னார்கள். நான் அந்தத் தண்ணீரைக் கண்ணில் விடவில்லை, டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மாறுகண்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். கண்மணியை விரிய வைக்கும் மருந்து விட்டு உள்ளே பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே மாதங்கள் போயின. மதுரைக்குக் கூட்டிப்போனபோது கட்டி கண் முழுக்க நிறைந்திருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2017-ல் 153 நாடுகளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 4,351 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பணக்கார நாடுகளில் நோயைக் கண்டுபிடிக்கும்போது குழந்தையின் வயது ஏறத்தாழ 14 மாதம். ரொம்ப ஏழை நாடுகளில் 30 மாதம். பணக்கார நாடுகளில் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத்தான் அந்த நேரத்தில் நோய் கண்ணைத் தாண்டியிருந்தது. ஏழை நாடுகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தாண்டியிருந்தது. கண்ணுக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால் இது ஏறக்குறைய முழுசாகக் குணமாகிற புற்றுநோய். பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் போய்விட்டால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். வித்தியாசம் சில மாதங்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கண்ணைக் காப்பாற்றும் வைத்தியங்களும் உண்டு. லேசர், உறைய வைப்பது, கீமோ, கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்துவது, கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் மேல் சில நாள் வைத்துத் தைப்பது என்று இருக்கின்றன. கடைசி இரண்டும் நம் நாட்டில் ஒருசில பெரிய ஊர்களில்தான். பொதுவாகக் கட்டி சின்னதாக இருக்கும்போதுதான் இந்த வைத்தியங்கள் நன்றாகப் பலன் தரும். எங்களுக்குச் சொன்னது ஒரே வழி: கண்ணை எடுக்க வேண்டும்.

செயற்கைக் கண் எங்கள் கதைக்குள் வந்தது இந்த இடத்தில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாங்கும் பொருள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது அறுவைக்கு முன்னாலேயே தேவைப்பட்டது.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு "கிளம்பு, ஊருக்குப் போவோம்" என்றார். போனில் அத்தை அழுதார். "பொம்பளப் பிள்ளடா, கண்ணை எடுத்துட்டு வந்தா நாளைக்கு யாருடா கட்டுவா? வேற எங்கயாவது காட்டுவோம்" என்றார். அத்தை கெட்டவர் இல்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்குத் தெரிந்த கண் இல்லாத முகங்கள் எல்லாம் குழி விழுந்து இமை ஒட்டிப்போன முகங்கள்.

கவுன்சிலிங் பண்ணும் அக்கா எங்களைத் தடுக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "பத்து நிமிஷம் உட்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தன் செயற்கைக் கண்ணுக்குப் பாலிஷ் போட வந்திருந்த ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் அதன் அம்மாவையும் கூட்டிவந்தார். பாவாடை சட்டை, இரட்டை ஜடை. "இவளுக்கு எந்தக் கண்ணுன்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வலது என்றார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இடது கண்ணைத் தொட்டுக் காட்டியது. அதன் அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பள்ளிக்கூடத்துல யாரும் கேலி பண்றாங்களா?" அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "முதல்ல ரெண்டு பேர் பண்ணாங்க, டீச்சர்கிட்ட சொன்னோம், நிறுத்திட்டாங்க." அதற்கப்புறம் அவர் பையைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டார்.

கண்ணை எடுக்கணும் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஊருக்குப் போய்விட்டு, மாதங்கள் கழித்துக் கண் வெளியே பிதுங்கிய பிறகு குழந்தையைத் தூக்கி வருபவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த அக்கா பிறகு சொன்னார். பணம் இல்லாமல் போகிறவர்கள் உண்டு. ஆனால் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் போகிறவர்கள் இந்த முகப் பயத்தால்தான் போகிறார்கள். அதனால் இந்தப் பொருளுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அது போலிக் கண் எவ்வளவு அழகு என்பதற்கு இல்லை. எங்களை ஊருக்குப் போகவிடாமல் உட்கார வைத்ததற்கு. கண் எடுக்கச் சொல்கிற ஒவ்வொரு இடத்திலும், மாவட்ட ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, மேசை டிராயரில் நல்ல செயற்கைக் கண் ஒன்று இருக்க வேண்டும். அதை அப்பாவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அறுவையில் கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு உருண்டை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்த உருண்டை உள்ளேயே இருந்துவிடும். அது இருந்தால்தான் குழந்தையின் கண்குழி எலும்பு மற்ற பக்கத்துக்குச் சமமாக வளரும், மேலே போடும் செயற்கைக் கண்ணும் கொஞ்சம் அசையும். அந்த உருண்டையின் முன்பக்கத்தில், இமைக்கு உள்ளே, தெளிவான பிளாஸ்டிக்கில் ஓடு மாதிரி ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். குழி சுருங்காமல் இருக்க அது. வீக்கம் வடிய ஆறு வாரம் ஆகும். எடுத்த கண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நரம்புப் பக்கம் கொஞ்சம் பரவியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததால் ஆறு தவணை கீமோவும் போட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: கண்ணை எடுத்ததும் பிள்ளை ஓடியாடி விளையாடும், நோயே போய்விட்டது என்று தோன்றும். அந்த ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். கண்ணுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் நோய் திரும்பி வந்தால் எந்தக் கண்ணும் உதவாது.

ரெடிமேட் கண் வாங்கியது கீமோ நடந்துகொண்டிருந்தபோது. அந்தப் பிளாஸ்டிக் ஓடு எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. கண்குழி சிவப்பாகத் தெரிய, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் 'ச்சுச்சு' கொட்ட ஆரம்பித்தார்கள். வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அட்டைப் பெட்டியில் பஞ்சுக்கு நடுவே வரிசையாக இருந்தன, இடது வலது என்று பிரித்து, அளவு எழுதி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, விழாமல் நின்ற ஒன்றை 900 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

போட்டதும் எங்களுக்கு மகிழ்ச்சிதான். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டு கண் தெரிந்தது. பக்கத்தில் வந்தால் பிரச்சினை. வெள்ளை விழி சுண்ணாம்பு வெள்ளை. கருவிழி மொத்தக் கருப்பு, மகளுடைய கண்ணோ பழுப்பு. பார்வை எந்நேரமும் கொஞ்சம் மேலே தூக்கி நின்றது. சிரித்தால் சரியான கண் சுருங்கும், இது விறைத்துக்கொண்டு நிற்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பூளை. அதன் பின்பக்கம் அவள் குழியின் மேடுபள்ளத்தோடு பொருந்தாததால் இடைவெளியில் கண்ணீர் தேங்கியது. காலையில் இமை ஒட்டிக்கிடக்கும். கீமோவால் எதிர்ப்பு சக்தி குறைந்திருந்த நேரத்தில் அந்தக் குழியில் இன்ஃபெக்ஷன் வந்துவிட்டது, அதற்குத் தனியாக மருந்து. டாக்டர் அந்தக் கண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைத் திரும்பப் போடாதீங்கம்மா" என்று டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். விற்றவரைக் குறை சொல்லவில்லை. பெரியவர்களுக்கு, அவசரத்துக்கு, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் அது ஆகும். வளர்கிற குழந்தைக்கு ஆகாது.

கீமோ முடிந்து ரத்த எண்ணிக்கை ஏறியதும் அளவெடுத்துச் செய்யப் போனோம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் குழந்தை படுத்துக்கொள்ளுமா, வலிக்குமா என்று நான் பயந்து தூங்காமல் இருந்தேன்.

முதல் வேலை அச்சு எடுப்பது. பல் டாக்டர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கும் அதே ரோஸ் நிற மாவுதான். தண்ணீரில் குழைத்தால் ஓரிரு நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். அந்த டெக்னீசியன் தம்பி முதலில் கொஞ்சம் குழைத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். இறுகியதும் அவளே உரித்தாள். கைரேகை அப்படியே பதிந்திருந்தது. "இதே மாதிரி கண்ணுக்கும் எடுக்கலாமா பாப்பா?" என்றார். மரத்துப்போகும் சொட்டு விட்டு, துளை போட்ட ஒரு சின்ன ஓடு மாதிரியானதைக் குழியில் வைத்து, அந்தத் துளை வழியே மாவைச் செலுத்தினார். என் மடியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அழவில்லை. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு, மயக்கம் கொடுத்து மற்ற கண்ணைப் பரிசோதிக்கும்போதே அச்சும் எடுத்துவிடுவார்களாம்.

அந்த அச்சை வைத்து மெழுகில் ஒன்று செய்து, போட்டுப் பார்த்து, இமை எவ்வளவு திறக்கிறது, பார்வை நேராக நிற்கிறதா என்று சுரண்டிச் சுரண்டிச் சரிபண்ணுகிறார்கள். பிறகு அது அக்ரிலிக்காக மாறுகிறது. கண்ணாடிக் கண் என்று நாம் சொன்னாலும் இப்போது இங்கே கண்ணாடியில் செய்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து கண்ணாடிக் கண் வருவது நின்றபோது, அமெரிக்க ராணுவத்தில் பல் கட்டும் வேலை தெரிந்தவர்கள் பல்செட் செய்யும் அக்ரிலிக்கில் செய்ய ஆரம்பித்தார்களாம். கீழே விழுந்தாலும் சில்லுச் சில்லாக உடையாது.

கருவிழிக்கு வண்ணம் போடும்போது எங்களை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் கலர் பார்க்கவே கூடாது என்றார். நான் ஜாக்கெட் தைக்கிறவள். துணிக்கு நூல் கலர் பார்க்க வெயிலுக்குத்தான் எடுத்துப் போவேன், அவர் சொன்னது உடனே புரிந்தது. சட்டைப் பட்டன் அளவு வட்டத்தில் முதலில் அடர்ந்த பழுப்பு, அதன் மேல் மெல்லிய கோடு கோடாகத் தேன் நிறம், வெளி ஓரத்தில் லேசாகச் சாம்பல் வளையம். மகளுடைய கண்ணில் அப்படி ஒரு வளையம் இருப்பதை அவர் சொல்லித்தான் நானே கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் வலது கண் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூரிகையை எடுப்பார். வெள்ளை விழிக்கும் வெறும் வெள்ளை இல்லை. சின்னப் பிள்ளைகளின் வெள்ளை விழியில் கொஞ்சம் நீலம் ஓடும் என்று அதையும் கலந்தார். அப்புறம் சிவப்பு நூல் இழையை மயிரிழையாகப் பிரித்து, ரத்தக்குழாய் ஓடுவது போல இரண்டு மூன்று இடத்தில் ஒட்டினார். "பெரியவங்களுக்கு நிறைய வைப்பேன்க்கா, பாப்பாவுக்கு இது போதும்." அதன் மேல் தெளிவான அக்ரிலிக், பிறகு பாலிஷ். முதலில் போட்டபோது மேல் இமை லேசாகத் தூக்கியிருந்தது. எடுத்து ஓரத்தை ராவி மறுபடி போட்டார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்தது.

விலை 9,000 ரூபாய். அறுவையும் கீமோவும் காப்பீட்டு அட்டையில் நடந்தன, இது கையிலிருந்து. விலை இடத்துக்கு இடம் நிறைய மாறும், வசதி இல்லாதவர்களுக்குக் குறைத்துத் தரும் இடங்களும் அறக்கட்டளைகளும் உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அசைவு முழுசாக இல்லை. நேரே பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது அவளே முகத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். மேல் இமைக்கு மேலே லேசாகப் பள்ளம் தெரிகிறது. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கண்மணி சுருங்கி விரியாது, ஆனால் நம் பிள்ளைகளின் அடர்ந்த நிறக் கண்ணில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. பெரிய குறை இதுதான்: குழந்தை வளர வளரக் கண் சின்னதாகிவிடும். எங்களுக்கு இரண்டு வருடத்துக்குள்ளேயே புதிது தேவைப்பட்டது. நடுவில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாலிஷ். அதற்கு மாவட்டத்திலேயே ஆள் கிடையாது, எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போய்வர வேண்டும், அன்றைய கூலி போச்சு. எங்களுக்காவது மதுரை பக்கம். இன்னும் தூரத்தில் இருப்பவர்கள் பாலிஷ் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள், மேல்பக்கம் சொரசொரப்பாகி இமையை உறுத்த ஆரம்பித்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

பராமரிப்பு சுலபம். தினமும் கழற்ற வேண்டாம், தூங்கும்போதும் போட்டிருக்கலாம். நாங்கள் மாதம் ஒருமுறை கழற்றுகிறோம். கீழ் இமையை இழுத்து அழுத்தினால் கீழ் ஓரம் வெளியே வரும். குழந்தை சோப்பும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் போதும். ஸ்பிரிட், டெட்டால், வெந்நீர் மூன்றும் கூடாது, அக்ரிலிக்கில் விரிசல் விழும் அல்லது மங்கிவிடும். கழுவும்போது வாஷ்பேசினில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். போடும்போது மேல் இமையைத் தூக்கி மேல் ஓரத்தை முதலில் நுழைத்து, பிறகு கீழ் இமையை இழுத்துவிட வேண்டும். கண்ணைத் துடைக்கும்போது மூக்கை நோக்கித் துடைக்கப் பழக்குங்கள், வெளிப்பக்கமாகத் துடைத்தால் கழன்று விழும்.

இருக்கிற கண்ணைக் காப்பது இதைவிட முக்கியம். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுவிடுங்கள், பந்தோ குச்சியோ பட்டால் தாங்கும். வகுப்பில் மகளை இடது ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், வலது கண்ணுக்கு வகுப்பு முழுக்கத் தெரியும். அந்தக் கண்ணை டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் காட்டுகிறோம், ஏனென்றால் இந்த நோய் சில பிள்ளைகளுக்கு மற்ற கண்ணிலும் வரும். சிலருக்கு இது மரபணுவால் வருவதால் கூடப் பிறந்தவர்களின் கண்ணையும் விரிய வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சின்னவன் பிறந்ததும் அவனையும் காட்டினோம், ஒன்றும் இல்லை.

போன மாதம்தான் அளவெடுத்துச் செய்த இரண்டாவது செயற்கைக் கண்ணை வாங்கினோம். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், புதியது எங்காவது விழுந்து தொலைந்தால் மதுரைக்குப் போய்ச் சேரும்வரை சமாளிக்க அது உதவும். சுத்தமாகக் கழுவித் துடைத்து, மூடி போட்ட டப்பாவில், இடது என்று எழுதி வைத்திருக்கிறேன்.